ஆர்லாண்டோ ரிசார்ட்டில் இருக்கும்போது புயல் வந்தால்: முன்பதிவு முதல் வீடு திரும்பும் வரை முழுமையான வழிகாட்டி

டிஸ்னி வேர்ல்டு, யுனிவர்சல் போன்ற தீம் பார்க்குகளைக் காண ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவுக்குச் செல்லும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். 2022 செப்டம்பரில் இயான் புயல் வந்தபோது என் பெற்றோருடன் அங்கே ஒரு ரிசார்ட்டில் தங்கியிருந்தேன். 2024 அக்டோபரில் மில்டன் வந்தபோது சுற்றுலா வந்திருந்த உறவினர் குடும்பத்துடன் வேறொரு ரிசார்ட்டில் இருந்தேன். இரண்டு முறையும் நான் கண்ட தவறுகள் பெரும்பாலும் நேரத்தைப் பற்றியவை: கடைக்குத் தாமதமாகப் போனவர்கள், ஊரைவிட்டுத் தாமதமாகக் கிளம்பியவர்கள், காற்று ஓய்வதற்குள் வெளியே வந்தவர்கள். ஆகவே எதைச் செய்வது என்பதோடு எப்போது செய்வது என்பதையும் வரிசையாகச் சொல்கிறேன்.

ஆர்லாண்டோ இரு கடற்கரைகளிலிருந்தும் 60 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது. கடல் நீர் ஊருக்குள் புகும் ஆபத்து இங்கே இல்லை. காற்று, டோர்னேடோ (தரையைத் தொட்டுச் சுழலும் சூறாவளிக் காற்று), மழை வெள்ளம், முறியும் மரங்கள், மின்தடை ஆகியவையே இங்குள்ள ஆபத்துகள். கடற்கரை விடுதியில் தங்கியிருப்பவர்களுக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது. அவர்கள் அதிகாரிகள் வெளியேறச் சொன்னவுடன் வெளியேற வேண்டும்.

1. முன்பதிவின்போதே தீர்மானிக்க வேண்டியவை

அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீடிக்கிறது. ஆகஸ்ட் நடுப்பகுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை அதன் உச்சம். அமெரிக்கப் பள்ளிகள் திறந்துவிடுவதால் செப்டம்பரில் பார்க்குகளில் கூட்டம் குறைந்திருக்கும், கட்டணமும் இறங்கியிருக்கும். அதை நம்பி முன்பதிவு செய்பவர்கள் புயலின் உச்ச மாதத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதை அறிந்தே செய்ய வேண்டும்.

பயணக் காப்பீட்டை முன்பதிவு செய்த அன்றே வாங்குங்கள். ஒரு புயலுக்குப் பெயர் சூட்டப்பட்டுவிட்டால் அது முன்கூட்டியே தெரிந்த நிகழ்வாகிவிடும்; அதன் பிறகு வாங்கும் காப்பீடு அந்தப் புயலால் நேரும் இழப்பை ஈடு செய்யாது. செய்தியில் பெயரைக் கேட்ட பிறகு காப்பீட்டைத் தேடுவது, பெற்றோரை ஊரிலிருந்து அழைத்து வருபவர்களிடம் நான் மிகுதியாகக் கண்ட தவறு.

அறையை ரிசார்ட்டிடம் நேரடியாகவே பதிவு செய்யுங்கள். ஆர்லாண்டோ பகுதிக்கோ உங்கள் ஊருக்கோ, நீங்கள் வந்து சேரும் நாளுக்கு முந்தைய ஏழு நாட்களுக்குள் ஹரிகேன் வார்னிங் (கடும் புயல் வரப்போகிறது என்ற எச்சரிக்கை) விடுக்கப்பட்டால், நேரடியாகப் பதிவு செய்த அறையையும் பேக்கேஜையும் ரத்துக் கட்டணமின்றி மாற்றலாம் அல்லது விட்டுவிடலாம் என்பது டிஸ்னியின் விதி. இடைத்தரகு இணையதளங்கள் மூலம் பதிவு செய்தவர்களுக்கு அந்தத் தளத்தின் விதிதான் பொருந்தும். உங்கள் ரிசார்ட்டின் விதியைப் பணம் கட்டும் முன் படித்து, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சமையலறை வேண்டும் என்பதற்காக நம்மவர் பலர் ஆர்லாண்டோவுக்கு அருகிலுள்ள கிஸிமி, டேவன்போர்ட் பக்கம் வாடகை வீடு எடுப்பதுண்டு. மற்ற காலத்தில் அது நல்ல ஏற்பாடுதான். புயல் உச்ச மாதங்களில் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. வாடகை வீட்டில் ஜெனரேட்டரோ, இரவில் கதவைத் தட்டி நிலைமையைச் சொல்லும் ஊழியரோ இருப்பதில்லை; பலத்த காற்றில் கராஜ் கதவு உடைந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையையே தூக்கிவிடக்கூடும். வீட்டை எடுத்தே ஆக வேண்டுமென்றால், மாநிலம் முழுவதற்குமான கட்டட விதித் தொகுப்பு நடைமுறைக்கு வந்த 2002ஆம் ஆண்டுக்குப் பிறகு கட்டியதா என்று கேளுங்கள். மொபைல் ஹோம் (தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து வைக்கும் இலேசான வீடு) வகையை எந்த நிலையிலும் எடுக்காதீர்கள்.

2. புறப்படுவதற்கு முந்தைய வாரம்: முன்னறிவிப்பைச் சரியாகப் படித்தல்

மயாமியில் உள்ள தேசிய ஹரிகேன் மையத்தின் இணையதளத்தை மட்டும் பாருங்கள். கோடைக்கால நேரக் கணக்கில் அதிகாலை 5, முற்பகல் 11, மாலை 5, இரவு 11 என ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை முழு அறிவிப்பு வரும். எச்சரிக்கை அமலுக்கு வந்துவிட்டால் இடையிடையே மூன்று மணி நேரத்துக்கு ஒன்று கூடுதலாக வரும். அந்த வேளைகளில் பார்த்தால் போதும். நடுவில் வாட்ஸ்அப்பில் வரும் வண்ண வரைபடங்களில் பழையவையும் ஒரே ஒரு கணினி மாதிரியை மட்டும் காட்டுபவையும் கலந்திருக்கும். அவற்றைப் பார்த்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

வரைபடத்தில் தெரியும் வெள்ளைக் கூம்பைத்தான் பெரும்பாலோர் தவறாகப் படிக்கிறார்கள். புயலின் மையம் எந்த எல்லைக்குள் செல்லக்கூடும் என்பதை மட்டுமே அது காட்டுகிறது. புயலின் அகலத்தைக் காட்டுவதில்லை. மையம் அந்தக் கூம்புக்கு வெளியே சென்ற சந்தர்ப்பங்களும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உண்டு. 2004 ஆகஸ்ட் 13 அன்று டாம்பா பக்கம் போகும் என்று பலரும் எண்ணியிருந்த சார்லி புயல், தெற்கே புன்டா கோர்டா அருகே கரையேறி நேராக ஆர்லாண்டோவைக் கடந்தது. ஆர்லாண்டோ விமான நிலையத்தில் மணிக்கு 105 மைல் வேகத்தில் காற்று வீசியது பதிவாகியிருக்கிறது. எனவே கூம்பின் நடுக்கோடு உங்கள் ஊரைத் தொடவில்லை என்பது நிம்மதி அடையப் போதிய காரணம் அல்ல.

இரண்டு சொற்களைப் பிரித்தறிந்துகொள்ளுங்கள். பலத்த காற்று தொடங்குவதற்குச் சுமார் 48 மணி நேரம் முன்பு, ஹரிகேன் வரக்கூடும் என்ற நிலையில் விடுப்பது ‘வாட்ச்’. சுமார் 36 மணி நேரம் முன்பு, அது வரப்போகிறது என்ற நிலையில் விடுப்பது ‘வார்னிங்’. இங்கே பலத்த காற்று என்பது மணிக்கு 39 மைல், அதாவது 63 கிலோமீட்டர். அந்த வேகத்தில் காற்று வீசத் தொடங்கிவிட்டால் வெளி வேலை எதையும் செய்ய முடியாது என்பதால்தான், மையம் வந்து சேரும் நேரத்தை விட்டுவிட்டு இந்தக் காற்று தொடங்கும் நேரத்தைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். நீங்களும் அந்த நேரத்தையே கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

3. தங்குவதா, கிளம்புவதா: மூன்று நாள் முன்பே முடிவு

இன்னும் வீட்டைவிட்டுக் கிளம்பாதவர்களுக்கு என் கருத்து ஒன்றே: பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். மேலே சொன்ன சலுகை விதி வார்னிங்கை அடிப்படையாகக் கொண்டது; வார்னிங்கோ கடைசி ஒன்றரை நாளில்தான் வரும். அதற்காகக் காத்திருந்து கடைசி நாளில் தொலைபேசியில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்காமல், மூன்று நாள் முன்பே அழைத்துப் பேசுங்கள்.

ஏற்கெனவே அங்கே இருப்பவர்கள், பலத்த காற்று தொடங்க 72 மணி நேரம் இருக்கும்போது முடிவெடுக்க வேண்டும். ஏனென்றால் அதன் பிறகு விமான இருக்கைகள் தீர்ந்துவிடும், ஐ-4 நெடுஞ்சாலையில் கடற்கரை ஊர்களிலிருந்து வெளியேறுபவர்களின் வாகனங்கள் நிறைந்துவிடும், பெட்ரோல் நிலையங்களில் ஒவ்வொன்றாக ‘இல்லை’ என்ற அட்டை தொங்கத் தொடங்கும். விமான நிலையமும் புயலுக்குப் பல மணி நேரம் முன்பே மூடப்படும். இயானின்போது செப்டம்பர் 28 முற்பகலில் மூடினார்கள். மில்டன் அக்டோபர் 9 இரவில்தான் கரையேறியது, பயணிகள் விமானச் சேவையோ அன்று காலை 8 மணிக்கே நின்றுவிட்டது. மூடிய விமான நிலையம் புகலிடமாக இயங்குவதில்லை. பெட்டிகளோடு அங்கே போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்று எண்ணாதீர்கள்.

ஆக்ஸிஜன் கருவி, டயாலிசிஸ் போன்றவற்றைச் சார்ந்திருப்பவர்கள் உடன் இருந்தால் கிளம்பிவிடுங்கள். மற்றவர்களுக்கு, உறுதியான ரிசார்ட் கட்டடத்தில் தங்குவது பெரும்பாலும் பாதுகாப்பானதே. பலத்த காற்று தொடங்க 48 மணி நேரத்துக்கும் குறைவாகிவிட்ட பிறகு, அதிகாரிகள் வெளியேறச் சொன்னால் தவிர, முடிவை மாற்றி காரை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். நெடுஞ்சாலையில் நிற்கும் காரைவிட எந்த அறையும் மேல்.

தங்குவதென்று முடிவு செய்த அன்றே வரவேற்பு மேசைக்குப் போய் முன்பதிவை மேலும் இரண்டு இரவுகளுக்கு நீட்டித்துவிடுங்கள். கடற்கரை மக்கள் புகலிடம் தேடி வருவது ஆர்லாண்டோவுக்குத்தான். அறைகள் விரைவாக நிறையும். இயானின்போது எங்களுக்கு அடுத்த அறையில் இருந்த குடும்பம் இதைச் செய்யாமல் விட்டதால், புயல் நாள் காலையில் லாபியில் கைக்குழந்தையுடன் இரண்டு மணி நேரம் காத்திருந்தது. அவர்களுக்கு இறுதியில் அறை கிடைத்தது, ஆனால் வேறொரு கட்டடத்தில். நனைந்த பெட்டிகளை இழுத்துக்கொண்டு போனார்கள்.

4. எந்த அறை

மரவீடு, தனிக் குடில், கூடார முகாம், தண்ணீர் மேல் கட்டிய பங்களா ஆகியவற்றில் இருப்பவர்களை ரிசார்ட்டே வேறு கட்டடத்துக்கு மாற்றும். இயானுக்கும் மில்டனுக்கும் டிஸ்னி தன் ஃபோர்ட் வில்டர்னஸ் முகாமையும் சரடோகா ஸ்பிரிங்ஸின் மரவீடுகளையும் மூடியது. அறிவிப்பு வரும்வரை காத்திராமல் வாட்ச் வந்த அன்றே கேட்டுவிட்டால், அறையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்கும்.

பாப் செஞ்சுரி, ஆல்-ஸ்டார் போன்ற சிக்கன வகை ரிசார்ட்டுகளில் அறைக் கதவு நேராக வெளித் தாழ்வாரத்தில் திறக்கும். கட்டடம் உறுதியானதுதான், ஆனால் கதவைத் திறந்தாலே காற்றில் நிற்கிறீர்கள். முதியவர்கள் உடன் இருந்தால், உள் நடைபாதையில் கதவு திறக்கும் அறை அதே நிறுவனத்தின் வேறு ரிசார்ட்டில் கிடைக்குமா என்று கேளுங்கள். மாடியில் இரண்டாவது அல்லது மூன்றாவது தளத்தைக் கேளுங்கள். தரைத்தளத்தில் மழைநீர் புகலாம், உச்சித் தளத்தில் கூரையின் கவலை உண்டு, மின்சாரம் போனால் லிஃப்ட் நிற்கும். படியிறங்க முடியாத பெற்றோரை எட்டாவது தளத்தில் வைத்துக்கொண்டு தவித்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன்.

5. கடை: வாட்ச் வந்த அன்று காலையில்

வார்னிங் வந்த பிறகு போனால் தண்ணீரும் ரொட்டியும் இருக்காது. வாட்ச் வந்த அன்று காலை ஏழு மணிக்குப் போங்கள்.

தண்ணீர் ஒருவருக்கு ஒரு நாளுக்கு ஒரு காலன், அதாவது சுமார் 3.8 லிட்டர். நான்கு பேருக்கு மூன்று நாள் கணக்கில் 12 காலன். பாட்டில் தீர்ந்துவிட்டது என்று கலங்க வேண்டாம். குழாய்த் தண்ணீர் நன்றாக இருக்கும்போதே கையில் இருக்கும் எல்லாப் பாட்டில்களிலும் புட்டிகளிலும் பிடித்து வைத்தால் அதுவே குடிநீர்.

உணவைச் சமைக்காமல் உண்ணக்கூடியதாக வாங்குங்கள். ரைஸ் குக்கரும் கெட்டிலும் மின்தடையில் பயன்படாது. நம்மவர்களுக்கு மிகவும் உதவும் பொருள் அவல்: பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, பிசறி, சர்க்கரையும் வாழைப்பழமும் சேர்த்தால் குழந்தையும் பாட்டியும் ஒருசேரச் சாப்பிடலாம். ஆர்லாண்டோவின் இந்திய மளிகைக் கடைகளில் கிடைக்கும்; ஊரிலிருந்து வரும்போதே ஒரு கிலோ பெட்டியில் போட்டுக்கொள்வது இன்னும் நல்லது. பொரி, கடலை மிட்டாய், ரொட்டி, வேர்க்கடலை வெண்ணெய் ஆகியவையும் போதும். புயல் நாளில் ரிசார்ட் விற்கும் உணவுப் பெட்டிகளை நம்பியிருக்க வேண்டாம் என்று சைவ உணவுக்காரர்களுக்குக் குறிப்பாகச் சொல்கிறேன். நாங்கள் இருந்த இடத்தில் கிடைத்தது இறைச்சி வைத்த சாண்ட்விச். என் அம்மா அந்த இரண்டு நாளும் அவலிலேயே இருந்தார்.

கைவிளக்கு, பேட்டரி, பவர் பேங்க், சில்லறையாக ரொக்கம் ஆகியவற்றையும் அதே நடையில் வாங்குங்கள். மின்சாரம் இல்லாத கடையில் கார்டு இயந்திரம் வேலை செய்யாது. மெழுகுவர்த்தி வேண்டாம். மூடிய அறையில் தீப்பிடித்தால் வெளியே ஓடவும் வழியில்லாத இரவு அது.

திரும்பும் வழியில் கார் டேங்கை நிரப்பிவிட்டு, மரத்தடியும் பள்ளமும் இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். வாடகைக் கார் என்றால் நான்கு பக்கமும் படமெடுங்கள்.

6. மருந்து

மருந்தை மட்டும் தனித் தலைப்பில் சொல்லக் காரணம், மற்றவை தீர்ந்தால் சமாளிக்கலாம், இது தீர்ந்தால் முடியாது. இந்திய மருத்துவர் எழுதிய சீட்டுக்கு அமெரிக்க மருந்துக் கடையில் மருந்து தரமாட்டார்கள். எனவே திரும்பும் தேதிக்கு மேல் குறைந்தது பத்து நாள் மருந்து கையில் இருக்க வேண்டும். மாத்திரைகளின் பொதுப்பெயரை ஒரு தாளில் எழுதி வையுங்கள். இந்திய வணிகப் பெயரைச் சொன்னால் அங்குள்ள மருத்துவருக்குப் புரியாது.

குளிர்பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தால் மின்சாரம் போன பிறகும் சுமார் நான்கு மணி நேரம் குளிர்ச்சி நிற்கும். இன்சுலின் குப்பிகள் 30 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் 28 நாள் வரை வெளியே இருந்தாலும் பயன்படும் என்பதால் பதற்றம் வேண்டாம். வெயிலிலும் காரிலும் மட்டும் வைக்காதீர்கள். அதை நேரடியாகப் பனிக்கட்டிக்குள் புதைப்பதுதான் பெரிய தவறு, உறைந்த இன்சுலின் பயனற்றது.

7. கடைசி 12 மணி நேரம்: அறையை ஆயத்தப்படுத்துதல்

எல்லோரும் குளித்து முடியுங்கள். பிறகு குளியல் தொட்டியைக் கழுவித் தண்ணீர் நிரப்புங்கள். அது கழிப்பறைக்கு; குடிப்பதற்கு அல்ல. சிறு குழந்தை இருந்தால் நிரம்பிய தொட்டி உள்ள அறைக் கதவைச் சாத்தியே வைக்க வேண்டும்.

பால்கனி நாற்காலிகளை உள்ளே எடுங்கள். காற்றில் பறக்கும் நாற்காலி உங்கள் கண்ணாடியையோ அடுத்த அறையின் கண்ணாடியையோ உடைக்கும். திரைச்சீலையை முழுவதும் இழுத்து மூடி, கட்டிலைக் கண்ணாடியிலிருந்து முடிந்த அளவு தள்ளிப் போடுங்கள். கண்ணாடியில் குறுக்காக டேப் ஒட்டும் பழைய வழக்கம் பயனற்றது. உடையும்போது பெரிய துண்டுகளாக விழும் என்பதால் கெடுதலும்கூட.

இயானின் இரவில் ஒரு மணி வாக்கில் எங்கள் கதவின் அடியிலிருந்து தண்ணீர் கசியத் தொடங்கியது. கூரையோ குழாயோ உடையவில்லை. தாழ்வாரத்தின் மீது கிடைமட்டமாக அடித்த மழை கதவிடுக்கில் புகுந்தது. அப்பாவின் பெட்டி தரையில் இருந்ததால் கடவுச்சீட்டு வைத்த பை நனைந்தது. பெரிய துண்டை நீளவாக்கில் சுருட்டி, கைகளால் அழுத்திக் கதவடியில் செருகினோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தொட்டியில் பிழிந்துவிட்டு மீண்டும் செருகினோம். எனவே துண்டுகளைக் கூடுதலாக முன்பே கேட்டு வாங்குங்கள். கடவுச்சீட்டு, மருந்து, பணம் ஆகியவற்றை ஜிப் உள்ள பிளாஸ்டிக் பையில் போட்டு மேசை மேல் வையுங்கள். தரையில் எதுவும் வேண்டாம்.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். அங்கே நேரம் நம்மைவிட ஒன்பதரை மணி முன்னே இருக்கும். ஃபுளோரிடா முழுவதும் அழிவது போன்ற காட்சிகளைத் தொலைக்காட்சியில் பார்த்து அவர்கள் விடாமல் அழைப்பார்கள், உங்கள் பேட்டரி தீரும். “நாளை மதியம் வரை தொடர்புகொள்ள இயலாமல் போகலாம், அறையில் பத்திரமாக இருக்கிறோம்” என்ற இரண்டு வரி போதும்.

8. காற்று வீசும்போது

அறையிலேயே இருங்கள். புயல் காலம் முழுவதும் ரிசார்ட்டில் தங்கிப் பணியாற்றத் தனிக் குழு இருக்கும். அவர்கள் சொல்வதே இறுதி. லிஃப்டில் ஏறாதீர்கள். நீடித்த காற்று மணிக்கு 40 முதல் 45 மைலைத் தாண்டினால் ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் பொதுவாக வெளியே வருவதில்லை. அவசர உதவி எண்ணான 911 இல் எடுத்துப் பேசுவார்கள், ஆனால் உதவி வந்து சேரக் காற்று தணிய வேண்டும். அந்த நேரத்தில் சிறு அடியும் பெரிய சிக்கலாகிவிடும்.

புயல் இன்னும் வரவில்லையே என்று பகலில் வெளியே உலவுவதை நான் மிகவும் அஞ்சுகிறேன். மில்டன் கரையேறியது அக்டோபர் 9 இரவு எட்டரை வாக்கில்; ஆனால் அதன் வெளிப்புற மழைமேகப் பட்டைகளிலிருந்து ஃபுளோரிடாவில் நாற்பதுக்கும் மேற்பட்ட டோர்னேடோக்கள் கிளம்பின, அவற்றில் மோசமானவை அன்று பிற்பகலிலேயே. அட்லாண்டிக் கரையோரம் செயின்ட் லூசி கவுன்டியில் (மாவட்டம்), புயலின் மையத்திலிருந்து வெகு தொலைவில், மக்கள் உயிரிழந்தனர். அதே பிற்பகலில் எங்கள் ரிசார்ட்டில் மழை விட்ட அரைமணி நேரம் சிறுவர்கள் புல்வெளியில் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

டோர்னேடோ வார்னிங் வந்தால் கைபேசி அலறும். அந்த எச்சரிக்கையை அமைப்புகளில் யாரும் அணைத்து வைத்திருக்கக் கூடாது. அலறியவுடன் ஜன்னல் இல்லாத குளியலறைக்குள் எல்லோரும் போய்க் கதவைச் சாத்தி, தலையணையால் தலையை மூடிக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்தின் உள் நடைபாதைக்கு வெளியே வராமலேயே போக முடிந்தால் அது இன்னும் நல்லது. காலில் செருப்பு அல்ல, ஷூ அணிந்திருங்கள். பிறகு வெளியே வரும்போது தரையில் கண்ணாடி கிடக்கலாம். முதியவர் உட்கார ஒரு போர்வையை மடித்து முன்பே குளியலறையில் போட்டு வையுங்கள். இதைப் பகலில் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிட்டால் இரவில் குழந்தைகள் அழாமல் வருவார்கள்.

காற்று திடீரென்று முற்றிலும் நின்றால், புயலின் கண் தலைக்கு மேல் இருக்கலாம். சில நிமிடங்களிலோ சற்று நேரம் கழித்தோ எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்பும். ரிசார்ட் அறிவிக்கும்வரை கதவைத் திறக்காதீர்கள்.

9. மறுநாள் காலை

தேங்கிய நீரில் கால் வைக்காதீர்கள். அறுந்த மின்கம்பி உள்ளே கிடக்கலாம்; ஃபுளோரிடாவின் ஏரிகளிலும் குளங்களிலும் முதலைகள் உண்டு, வெள்ளத்தோடு அவை இடம் மாறும். ஓடும் நீர் ஆறு அங்குலம் இருந்தாலே ஆளைத் தள்ளும், ஓரடி நீர் சிறிய காரை நகர்த்தும். இயானின்போது ஆர்லாண்டோவை ஒட்டிய ஓர்லோவிஸ்டாவில் காற்றைவிட வெள்ளமே வீடுகளைப் பாழாக்கியது. மழை நின்ற பிறகும் நீர் வடியவில்லை. எனவே வெயில் அடிப்பதைப் பார்த்து ஊர் சுற்றக் காரை எடுக்காதீர்கள்.

குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லும் அறிவிப்பு இருக்கிறதா என்று விசாரித்த பிறகே பயன்படுத்துங்கள். பார்க்குகள் உடனே திறக்கும் என்று குழந்தைகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். 2017 இல் இர்மா புயலுக்கு டிஸ்னி செப்டம்பர் 10, 11 ஆகிய இரண்டு நாளும் மூடியிருந்தது. இயானுக்கு 28, 29. மில்டனுக்கு அக்டோபர் 9 பிற்பகலில் மூடி 11ஆம் தேதி திறந்தார்கள்.

10. திரும்பும் பயணம்

விமான நிலையம் திறந்த முதல் நாளில் விமானங்களையும் பணியாளர்களையும் வேறு ஊர்களிலிருந்து கொண்டுவர வேண்டியிருப்பதால் தாமதமும் ரத்தும் தொடரும். முதியவர்களும் குழந்தைகளும் இருந்தால் இரண்டாம் நாள் விமானத்தைக் கேளுங்கள். விமான நிறுவனங்கள் புயலுக்கென அறிவிக்கும் கட்டணமில்லா மாற்றத்தைச் செயலியில் நீங்களே செய்துகொள்ளலாம். தொலைபேசியில் காத்திருக்கத் தேவையில்லை. இந்தியாவுக்கான இணைப்பு விமானம் வேறு டிக்கெட்டில் இருந்தால், அந்த நிறுவனத்துக்கும் தனியாகச் சொல்லியாக வேண்டும். முதல் விமானம் ரத்தானது இரண்டாவது நிறுவனத்துக்குத் தெரியாது. நீங்கள் வராதவராகக் கணக்கிடப்பட்டு டிக்கெட் செல்லாததாகிவிடும்.

நிறுவனமே விமானத்தை ரத்து செய்து, மாற்று விமானம் வேண்டாம் என்று நீங்கள் சொன்னால், காரணம் வானிலையாகவே இருந்தாலும் அமெரிக்க விதிப்படி பணம் திரும்பக் கிடைக்கும். கூடுதல் இரவு அறைக்கும் சாப்பாட்டுக்கும் அவர்கள் தரக் கடமைப்பட்டவர்கள் அல்லர், அதற்குத்தான் காப்பீடு. ரத்து அறிவிப்பு மின்னஞ்சல், நீட்டித்த அறையின் ரசீது, உணவு ரசீதுகள், வாடகைக் காரின் படங்கள் ஆகிய நான்கையும் அறையைக் காலி செய்யும் முன்பே ஒரே கோப்புறையில் சேர்த்துவிட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கான முதல் மின்னஞ்சலை லாபியின் வைஃபையிலிருந்தே அனுப்பிவிடுங்கள்.